வெறும் ஜக்கில் பழகியது

"கை சோருது மகள். மிச்சப் பாதிய நீ துருவு" என்று சொல்லி உம்மா துருவுபலகையை விட்டு எழும்பினாள்.

ஸாதியா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பருப்பை இறக்கி வைத்துவிட்டு வந்து பலகையில் உட்கார்ந்தாள். உம்மா குசினி வாசலில் கிடந்த பாயில் காலை நீட்டிச் சுவரோடு சாய்ந்துகொண்டாள். விரல்களில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவை ஒவ்வொன்றாக வாயில் வைத்துத் துடைத்தாள்.

"வாற திங்கள் கேக் ஐசிங் தொடங்குதாம். பல்தேவைக் கட்டடத்திலதான். எல்லாம் இலவசம். சீனியும் மாவும் மட்டும் நாம கொண்டு போகணுமாம்."

"சீனியும் மாவும் நாம கொண்டு போனா, அவங்க என்னத்த இலவசமாத் தாற?"

"படிப்பத் தாறாங்க." அதில் என்ன சந்தேகம் என்பதுபோல உம்மா சொன்னாள். "உன்ட பேரையும் குடுத்திட்டன்."

"என்னைக் கேக்காம ஏன் உம்மா குடுத்த?"

"கேட்டா நீ ஏலாண்டு சொல்லுவாய். அதுதான் கேக்கல்ல."

ஸாதியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே துருவினாள். சிரட்டையின் கறுப்பு விழத் தொடங்கியதும், "இது காணுமா உம்மா?" என்று கேட்டாள். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தாள். உம்மாவின் தலை தோளில் சரிந்திருந்தது. கேக்கை நினைத்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டாள் என்று நினைத்து, சத்தம் போடாமல் தேங்காய்ப்பூவைப் பிழிந்து, பாலை எடுத்து, கறியில் ஊற்றி, உப்பும் பார்த்தாள். அதன் பிறகுதான் உம்மாவின் வாயோரத்தில் ஈ உட்கார்ந்திருப்பதும், உம்மா அதைத் துரத்தாமல் இருப்பதும் கண்ணில் பட்டன.

அடுத்த ஒழுங்கை டொக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்தார். இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாலில்லாஹி" என்று தன் செருப்பைப் பார்த்துச் சொன்னார். உம்மா இருதயக் கிளினிக்குக்குப் போய்வந்தவள் என்பதால் மரணப் பத்திரம் எடுப்பதில் சிக்கல் வரவில்லை. ஸாதியாவின் கணவன் இன்ஷாப் கிராம சேவகரிடமும் பள்ளிவாசலுக்கும் மோட்டார் சைக்கிளில் ஓடினான். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி பேசியது. மர்ஹூம் இப்றாஹிம் அவர்களின் மனைவியும், ஸுஹைனா, ஸாதியா ஆகியோரின் தாயாருமாகியவர் காலமானார், அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம். உம்மாவின் பெயரைச் சொன்னார்களா, சொல்லவில்லையா என்பது ஸாதியாவுக்குப் பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

ஒரே வளவில் இரண்டு வீடுகள். முன்வீடு மூத்தவள் ஸுஹைனாவுக்கு, பின்வீடு ஸாதியாவுக்கு. உம்மா இரண்டுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பாள். இப்போது முன்வீட்டு மண்டபத்தில் வெள்ளைத்துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் வந்து வந்து யாஸீன் ஓதினார்கள். ஸுஹைனா அழவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டுக்கொண்டும், போட்ட கதிரைகளைத் திரும்பச் சரிசெய்துகொண்டும் இருந்தாள்.

ஸாதியா அவளை மெல்லக் குசினிப் பக்கம் கூட்டிப்போனாள்.

"ராத்தா, உம்மாவ நாம குளிப்பாட்டணும். நீங்களும் நானும்."

ஸுஹைனா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "உனக்கென்ன பைத்தியமா? அதுக்குத்தான் ஆக்கள் இரிக்காங்களே."

"உம்மா சொன்ன."

"எப்ப சொன்ன?"

"வகுப்புக்குப் போய்ட்டு வரக்குள்ள."

"வகுப்பு!" ஸுஹைனாவின் குரல் உடைந்தது. "அதெல்லாம் உம்மாட விளையாட்டு. சோப் வகுப்பு, காளான் வகுப்பு, இப்ப மையித்து வகுப்பு. நான் வரமாட்டன். என்னால ஏலா. நீ வேணுமெண்டா செய், அதுவும் ஏலுமெண்டா."

ஏலுமா என்பதுதான் ஸாதியாவுக்கும் தெரியாமல் இருந்தது.

உம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாப்பா மௌத்தாகி, வீட்டோடு இருந்த இத்தாக் காலம் முடிந்து வெளியே இறங்கிய மாதத்தில், பல்தேவைக் கட்டடத்தில் சவர்க்காரம் செய்யப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. வாவிக்கரை வீதியில், ஒரு பக்கம் தாய்சேய் கிளினிக்கும் மறுபக்கம் இறால்காரரின் ஐஸ் பெட்டிகளுமாகக் கிடக்கும் அந்தக் கட்டடத்தில் என்ன வகுப்பு வைத்தாலும், இலவசம் என்றால் சபூரா உம்மா முன்வாங்கில் இருப்பாள். அவளுடைய சவர்க்காரம் நுரைக்கவில்லை. காளான் பையில் காளானுக்குப் பதிலாக எறும்பு வந்தது. முதலுதவி பழகிய கிழமை வீட்டில் யார் இருமினாலும் ஓடிவந்து முதுகில் தட்டினாள். "உம்மாட சோப் போட்டுக் கழுவி எங்கட ஆடு சொறியுது" என்று ஸுஹைனா ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். உம்மா கோபித்ததில்லை. "பழகினன்தானே. அது போதும்" என்பாள்.

அங்கே உம்மாவுக்கு மிகவும் பிடித்தது வரவு எடுக்கும் நேரம்தான் என்று ஸாதியா நினைத்ததுண்டு. வீட்டில் அவள் உம்மா, மூத்தம்மா, மாமி. வெளியே இப்றாஹிமின் பெண்சாதி. அந்தக் கட்டடத்தில் மட்டும்தான் ஒருவர் "சபூரா" என்று கூப்பிடுவார். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வந்திரிக்கன்" என்று சத்தமாகச் சொல்லுவாள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

இறந்தவரைக் குளிப்பாட்டிக் கபனிடும் ஜனாஸாப் பயிற்சிதான் கடைசியாக நடந்தது. ஊரில் இறந்த பெண்களின் மையித்துகளைக் குளிப்பாட்டிவந்த இரண்டு பேரில் ஒருவர் போன நோன்பில் மௌத்தானார். மற்றவருக்கு முழங்கால் மடங்காமல் போய்விட்டது. பள்ளிவாசல் நிருவாகமும் மாதர் சங்கமும் சேர்ந்து, பக்கத்து ஊரிலிருந்து மார்க்கம் படித்த ஓர் இளம் மௌலவியாவை அழைத்து வகுப்பு வைத்தார்கள். தையல் வகுப்பென்றால் கதவடி வரை நிற்கும் பெண்கள் இதற்கு ஏதேதோ வேலை சொல்லி நழுவினார்கள். உம்மா மட்டும் ஸாதியாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சட்டங்களைப் படித்து முடித்துச் செய்து பார்க்கும் நாள் வந்தபோது, யாரைக் கிடத்துவது என்ற கேள்வி வந்தது. அலுமாரியில் முதலுதவிக்காரர்களின் பொம்மை ஒன்று இருந்தது. எடுத்துப் பார்த்தால் அதற்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை.

"கால் இல்லாத மையித்த எப்பிடிக் குளிப்பாட்டுற?" என்றாள் வகுப்பில் இருந்த றிபாயா. இன்ஷாபின் மாமி மகள் அவள், வாய்க்காரி.

மௌலவியா ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒவ்வொருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். "ஏன், கட்டாயம் எல்லாரும் ஒருநாள் கிடக்கத்தானே போறம்" என்று உம்மா எழும்பி, ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருந்த இரண்டு தையல் மேசைகளின்மேல் ஏறி, மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

உடுத்த உடுப்போடுதான், வெறும் ஜக்கால்தான். தண்ணீர் ஊற்றுவதுபோலச் சரித்தார்கள். வயிற்றை மெல்ல அழுத்த வேண்டிய இடத்தில் றிபாயா கை வைத்ததும் உம்மாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. மேசை ஆடச் சிரித்தாள்.

"சாச்சி, மையித்து சிரிக்கப்படா" என்றாள் மௌலவியா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"மையித்துக்கு நீ கிச்சுக்கிச்சு மூட்டப்படா எண்டும் இவளுக்குச் சொல்லிக் குடு புள்ள."

அதன் பிறகு ஒழுங்காகக் கிடந்தாள். அவர்கள் எந்தப் பக்கம் முதலில் என்று தடுமாறியபோது, கண்ணைத் திறக்காமலே "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று சொல்லிக்கொடுத்தாள். ஆளுக்கு ஆள் முறை வந்தது. ஸாதியா மட்டும் ஜக்கை விட்டுக் கிட்டப் போகவில்லை. "நீயும் வா, பிடி" என்று மௌலவியா கூப்பிட்டாள். அவள் ஜக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் தண்ணி ஊத்துறன்" என்றாள். ஜக்கில் தண்ணீர் இல்லை.

திரும்பி வருகையில் வாவியில் வெயில் சாய்ந்திருந்தது. உம்மா செருப்பில் ஏறிய மணலைத் தட்டுவதற்கென்று ஒரு கொங்கிறீற்றுக் கட்டின்மேல் கையூன்றி நின்றாள்.

"மகள், என்னை ஆருட கையிலயும் குடுத்திராத. நீயும் ராத்தாவும் குளிப்பாட்டுங்க."

"சும்மா வாங்க உம்மா."

"ராத்தாட்ட நான் சொல்ல மாட்டன். அவ ஏசுவா. நீ சொல்லு."

ஸாதியா ஓம் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இறால்காரன் ஒருவன் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வந்தான். இருவரும் ஒதுங்கினார்கள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

லுஹர் தொழுகை முடிந்ததும் மௌலவியா வந்துவிட்டாள். கூடவே றிபாயா. பள்ளிவாசலிலிருந்து குளிப்பாட்டும் மேசையை இன்ஷாபும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிவந்து பின்வளவில் வைத்தார்கள். சுற்றிவரக் கயிறு கட்டி, போர்வைகளையும் படுக்கை விரிப்புகளையும் தொங்கவிட்டு மறைத்தார்கள். மின்சாரம் நின்றுபோயிருந்ததால் மோட்டார் ஓடவில்லை. பெண்கள் கிணற்றில் அள்ளி வாளிவாளியாகக் கொண்டுவந்து மறைப்பின் ஓரத்தில் வைத்தார்கள். ஒரு சட்டியில் இலந்தை இலை அரைத்துக் கலந்த தண்ணீர். சிறிய கிண்ணத்தில் கற்பூரம்.

"ஆரு பிடிக்கிற?" என்று மௌலவியா கேட்டாள்.

"நான்" என்றாள் ஸாதியா. தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது.

மௌலவியா கையில் சுற்றிக்கொள்ளும் துணியை அவளிடம் கொடுத்தாள்.

தொடும்வரைதான் பயம் இருந்தது. தொட்டதும் அது உம்மாவின் கைதான். முழங்கைக்குக் கீழே, சவர்க்கார வகுப்பில் கொஸ்டிக் சோடாத் தண்ணீர் தெறித்துச் சுட்ட தழும்புகூட அப்படியே இருந்தது. போர்த்திய துணிக்குக் கீழே கைவிட்டு, மௌலவியா மெல்லிய குரலில் சொல்லச் சொல்லச் செய்தாள். வயிற்றை அழுத்தும்போது றிபாயா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. நகங்களைச் சுத்தம் செய்யும்போது, வலக்கைப் பெருவிரல் நகத்துக்குள் ஒரு பொட்டுத் தேங்காய்ப்பூ இருந்தது. ஸாதியா ஈர்க்கால் அதை எடுத்தாள். எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

தொழுகைக்குச் செய்வதுபோல உளூச் செய்வித்தார்கள். தலையைக் கழுவினார்கள். வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். எல்லாம் பழகியபடியே நடந்தது.

"இப்ப இடப்பக்கமாச் சாய்ச்சு, முதுகக் கழுவுவம்" என்றாள் மௌலவியா. அவள் தலைமாட்டில் நின்று தலையைத் தாங்கிக்கொண்டாள்.

ஸாதியா தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் வைத்தாள். றிபாயா தொடையைப் பிடித்தாள். வகுப்பில் மற்றவர்கள் நின்ற அதே இடம், அதே பிடி. "பிஸ்மில்லாஹ்" என்று தள்ளினார்கள். தோள் கொஞ்சம் வந்தது. இடுப்பு வரவில்லை. உம்மாவின் கை மேசை விளிம்பால் நழுவித் தொங்கியது. ஸாதியா பதறி அதைப் பிடித்து மேலே வைத்தாள். மறுபடியும் தள்ளினார்கள். ஈரத்தில் கை வழுக்கியது. உம்மா திரும்பாமல் அப்படியே கிடந்தாள்.

"அண்டைக்கு எவ்வளவு லேசாத் திரும்பின..." என்று றிபாயா மூச்சு வாங்கினாள்.

அப்போதுதான் ஸாதியாவுக்கு விளங்கியது. அன்றைக்கு யாரும் உம்மாவைத் திருப்பவில்லை. இவர்கள் கை வைத்ததும் உம்மாதான் இடுப்பைத் தூக்கி, காலை மடித்து, தானே திரும்பிக் கிடந்திருக்கிறாள். தலையைத் தூக்க வேண்டிய இடத்தில் கழுத்தைத் தூக்கித் தந்திருக்கிறாள். ஆள் மாறி ஆள் வந்து, "பாத்தீங்களா, சரியாச் செஞ்சிட்டன்" என்று சந்தோஷப்பட்டுப் போனார்கள். உம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் அதே உதவியைச் செய்துகொண்டு கிடந்திருக்கிறாள். செத்தவர் எவ்வளவு பாரம் என்பதை மட்டும் அந்த வகுப்பில் ஒருவரும் பழகவில்லை.

"நாலு கை காணாது" என்றாள் மௌலவியா. "சொந்தத்தில இன்னொரு ஆள் வேணும். கெதியா."

மறைப்பின் அடியில், வாளிகளுக்குப் பக்கத்தில், இரண்டு செருப்புக் கால்கள் தெரிந்தன. நீலப்பட்டி. வெகு நேரமாகவே அவை அங்கே நின்றுகொண்டிருந்ததை ஸாதியா கண்டிருந்தாள். தண்ணீர் வாளிகளை உள்ளே தள்ளிவிட்ட கையும் அந்தக் கால்களுக்கு உரியவளின் கைதான்.

"ராத்தா."

கால்கள் அசையவில்லை.

"ராத்தா, உம்மா திரும்புறாவில்ல."

வெளியே யாரோ யாஸீனின் கடைசிப் பக்கத்தை ஓதிக்கொண்டிருந்தார்கள். விரிப்பு விலகியது. ஸுஹைனா செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தாள். எங்கே பிடிப்பது, எப்படிப் பிடிப்பது என்று கேட்கவில்லை. தெரிந்திருக்கவும் இல்லை. மேசையின் மறுபக்கம் போய், குனிந்து, இரண்டு கையாலும் உம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். ஸாதியாவும் றிபாயாவும் இந்தப் பக்கத்தால் தூக்க, உம்மா மெல்ல ஸுஹைனாவின் நெஞ்சோடு சாய்ந்து திரும்பினாள்.

"பிடிச்சிக்கொள்ளுங்க" என்றாள் மௌலவியா. "விட்டிராதீங்க."

"விட மாட்டன்" என்றாள் ஸுஹைனா. மேசைக்கு வந்த பிறகு அவள் பேசியது அது ஒன்றுதான்.

ஸாதியா முதுகில் தண்ணீர் ஊற்றினாள். இலந்தை இலைத் தண்ணீர் முதுகெலும்பின் பள்ளத்தால் வழிந்து, ஸுஹைனாவின் சட்டைக்குள்ளும் போனது. கழுத்திலிருந்து இடுப்பு வரை ஸாதியா அவசரப்படாமல் கழுவினாள். பிறகு மறுபக்கம் திருப்ப வேண்டியிருந்தது. இப்போது ஸாதியா கட்டிக்கொண்டாள். உம்மாவின் நனைந்த தலை அவளுடைய தோளில் இருந்தது. ஸுஹைனா ஜக்கை எடுத்தாள். அவளுக்கு முறை தெரியாது. மௌலவியா சொல்லச் சொல்ல, குழந்தைக்கு ஊற்றுவதுபோல, தன் மணிக்கட்டில் ஒருதரம் தண்ணீர் விட்டுச் சூடு பார்த்து ஊற்றினாள்.

கற்பூரத் தண்ணீரும் முடிந்தது. துடைத்தார்கள். தலைமுடியை மூன்றாகப் பின்னினார்கள். கபன் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து மூடினார்கள். முகத்தை மூடுமுன் மண்டபத்தில் பேரப்பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். அஸருக்கு முன்னரே சந்தூக்குப் பெட்டி வாசலுக்கு வந்தது. ஆண்கள் தூக்கினார்கள். தோள் மாறித் தோள் மாறி ஒழுங்கையால் போனார்கள். திருப்பத்தில் ஒருதரம் வெள்ளைத் தொப்பிகள் தெரிந்தன. பிறகு அதுவும் இல்லை.

பொழுது சாயும்போது வளவு வெறிச்சிட்டது. மேசையைப் பள்ளிவாசல்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். இன்ஷாப் கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டினான். நனைந்த மண்ணில் மேசைக்கால்கள் அழுந்திய குழிகளைக் கோழி ஒன்று கிளறிப் பார்த்தது. பக்கத்து வீட்டார் அனுப்பிய சோறும் மீன் ஆணமும் மூடியபடி குசினியில் இருந்தன.

அக்காவும் தங்கையும் பின்படியில் இருந்தார்கள். ஸுஹைனா இன்னும் உடுப்பு மாற்றவில்லை. நெஞ்சுப் பக்கம் காய்ந்தும் காயாமலும் இருந்தது.

"உம்மா நல்லா மெலிஞ்சிட்டா எண்டுதான் நான் நெனச்சிட்டிருந்தன்" என்றாள் ஸுஹைனா.

ஸாதியா தலையை ஆட்டினாள்.

"வகுப்பிலயும் இப்பிடித்தான் கஷ்டமா இருந்ததா?"

"இல்ல ராத்தா. லேசா இருந்த."

ஸுஹைனா தன் உள்ளங்கைகளை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, அவற்றைப் பார்த்தபடி இருந்தாள்.

மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. மின்சாரம் இன்னும் வரவில்லை. உளூச் செய்யத் தண்ணீர் எடுக்க ஸாதியா எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். பகல் முழுக்க எத்தனையோ பேர் மாறி மாறி அள்ளிய கிணறு, அடி மணல் தெரியும் என்று நினைத்து, வாளிக் கயிற்றை நீளமாக விட்டு எட்டிப் பார்த்தாள். வாவியை அண்டிய நிலம் அது, அள்ள அள்ள ஊறும். மேலிருந்து மூன்றாவது சீமெந்து வளையத்தில், நேற்று நின்ற மட்டத்திலேயே, தண்ணீர் நின்றது.